ட்ரையல் ரூம் கண்ணாடி அக்கா

திருச்சியில் ஓர் ஆளை நின்ற இடத்திலேயே அதிரவைக்க மின்சாரமெல்லாம் தேவையில்லை. கண்ணாடி அக்கா ஒரு வாக்கியம் பேசினால் போதும்.

சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும். நான் ஃப்ளோர் சூப்பர்வைசராகச் சேர்ந்த மால் துணிக்கடையில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. புத்தூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். ட்ரையல் ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எத்தனை துணி உள்ளே போகிறது, எத்தனை திரும்பி வருகிறது என்று பார்ப்பதுதான் வேலை. அதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

நான் சேர்ந்த முதல் நாளே கைலாசபுரம் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, வயிற்றை முதுகுவரை உள்ளிழுத்துப் பிடித்தபடி வெளியே வந்து, "எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"மூச்சை விடுங்க சார், சொல்றேன்."

அவர் விடவில்லை.

"வீட்டுக்குப் போற வரைக்கும் இப்படியேவா போவீங்க? விடுங்க!"

விட்டார். பட்டன் தெறித்து என் மூக்குக்கண்ணாடியில் 'டிக்'கென்று பட்டது. சேர்ந்த அன்றே வேலை போயிற்று என்று நினைத்தேன். அவரோ பட்டனைத் தேடி எடுத்துக்கொண்டு, "ரெண்டு சைஸ் பெரிசு குடுங்க" என்றார்.

"கஸ்டமர்கிட்ட இப்படிப் பேசலாமாக்கா?" என்று கேட்டேன்.

"பொய் சொன்னா சர்ச்சுல சாமியார்கிட்டப் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும் சார். இங்க உட்கார்ந்து நாள் பூரா பொய் சொன்னா, ஞாயித்துக்கிழமை பூசையே என்னாலதான் லேட்டாகும்."

வருகிற ஒவ்வொருவரும் அவருக்கு அத்துப்படி. எட்டு உடுப்போடு உள்ளே போய் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு வரும் காலேஜ் பெண்கள். பிடித்த சட்டையைத் தப்பான ரேக்கில் ஒளித்துவைத்துவிட்டு வீட்டில் கேட்டுவரப் போகிறவர்கள். சோபாவில் உட்கார்ந்து, போனிலிருந்து தலை நிமிராமலே "நல்லாருக்கு" சொல்லும் கணவன்மார்களைத்தான் அவரால் சகிக்க முடியவில்லை.

ஒருநாள் அப்படி ஒருவர் முன்னால் அக்கா, கழற்றிப் போட்டிருந்த ஒரு கிழிந்த திரையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றார். "இது எப்படிங்க இருக்கு?"

"சூப்பரா இருக்கு. எடுத்துக்க," என்றார் அவர், போனைப் பார்த்தபடியே.

கதவிடுக்கில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார். அடுத்து அந்தத் தளத்தில் நடந்ததை நான் எழுதமாட்டேன். புகார் எழுதிக்கொடுத்தது அந்தக் கணவர்தான்.

மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு உத்தரவு போட்டார்: இனிமேல் "நல்லாருக்கு" தவிர ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஒரு வாரம் பார்ப்பது, மீறினால் அனுப்பிவிடுவது. கண்காணித்து ரிப்போர்ட் எழுத வேண்டியது நான்.

ஐந்து நாள் அக்கா வாயே திறக்கவில்லை. ஆறாம் நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமி, வரப்போகும் மருமகளோடு வந்தார். ரிசப்ஷனுக்கு அனார்கலி. அந்தப் பெண் போட்டுக்கொண்டு வந்து நின்றதும் மாமி சொன்னார்: "இடுப்புல பிடிக்கறதேடீம்மா. முகூர்த்தத்துக்கு இன்னும் மூணு மாசம் இருக்கோன்னோ, கொஞ்சம் இளைச்சுடு."

பெண் தலையைக் குனிந்துகொண்டது. நான் அக்காவைப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினேன்.

"நல்லாருக்கு," என்றார் அக்கா. எனக்கு உயிர் திரும்பி வந்தது. உடனே அதே சைஸில் இன்னொன்றை எடுத்து மாமியிடம் நீட்டினார். "மாமி, உங்களுக்கும் நல்லாருக்கும். போட்டுப் பாருங்களேன்."

மாமி "எனக்கெதுக்கு இதெல்லாம்?" என்றார். ஆனால் துணியை வாங்கிக்கொண்டார். உள்ளே போன ஐந்தாவது நிமிஷம் ஓர் அலறல்.

"பெருமாளே! கை மாட்டிண்டுடுத்தே! யாராவது வாங்கோளேன்!"

அக்கா உள்ளே போனார். கால் மணி நேரம் கதவு திறக்கவில்லை. உள்ளே என்ன பேசினார்களோ, வெளியே வந்த மாமியின் முகம் சிவந்திருந்தது. மருமகளின் கன்னத்தைத் தொட்டு, "இதுலயே பெரிய சைஸ் இருக்கான்னு கேளுடீ, குழந்தே. நீ ஒண்ணும் இளைக்க வேண்டாம்," என்றார்.

மறுநாள் சாயங்காலம் ரிப்போர்ட் எழுதினேன்: 'வாரம் முழுவதும் "நல்லாருக்கு" தவிர எதுவும் பேசவில்லை.' கையெழுத்துக்காக அக்காவிடம் நீட்டினேன். படித்தார்.

"பொய்யாச்சே சார்."

"அக்கா, உங்க வேலைக்காக..."

"எனக்காக நீங்க ஏன் சார் பாவத்தைக் கட்டிக்கணும்?" என்று அதை அடித்துவிட்டு, மாமி மாட்டிக்கொண்டது உட்பட எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதினார். அதைத்தான் மேனேஜரிடம் கொடுத்தேன்.

மேனேஜர் அவரைக் குடோனுக்கு மாற்றினார். "அட்டைப்பெட்டிகிட்ட என்னத்தைச் சார் பேசறது?" என்று சொல்லி அக்கா அன்றே வேலையிலிருந்து நின்றுவிட்டார்.

இப்போது புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில், துணிகளைப் பிரித்து அளவு மாற்றித் தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். போன வருஷம் ஒரு பேன்ட்டை எடுத்துக்கொண்டு போனேன். இடுப்பில் டேப் வைத்தவர் அப்படியே நிறுத்தினார்.

"ரெண்டு இஞ்ச் குறைஞ்சிருக்கு. என்ன கவலை சார்?"

அந்த மாதம் எனக்கு வேலை போயிருந்தது. வீட்டில்கூட யாருக்கும் சொல்லவில்லை. அவர் மேலே ஒன்றும் கேட்காமல், தன் டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

இப்போதெல்லாம் என் சட்டைகள் எனக்குச் சரியாகத்தான் இருக்கின்றன. இருந்தாலும் மாதத்துக்கு ஒருமுறை, ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு புத்தூர் போய்விடுகிறேன்.