ஒரே பெட்டியில் இரண்டு குரல்

இரண்டு மாதமாக அந்தக் கெஸட் ஜெனீராவின் தலையணைக்கு அடியிலேயே கிடந்தது. அட்டையில் ஸரூக்கின் கோணல் எழுத்தில் 'ஜெனீராவுக்கு மட்டும்' என்றிருந்தது. கல்யாணம் முடிந்த நாலாம் மாதமே சவூதிக்குப் போனவன் அவன். அவன் முகம் அவளுக்கு நினைவிருந்தது. குரல்தான் மெல்ல மெல்ல நழுவிக்கொண்டிருந்தது.

அவனுடைய கூட்டாளி புவாத் லீவில் பதுளைக்கு வந்தபோது கெஸட்டோடு ஒரு டூ-இன்-ஒன்னும் கொண்டுவந்தான். ரேடியோவும் டேப்பும் தனித்தனியாக வேண்டுமா, ஒன்றாக வேண்டுமா என்று ஸரூக் முன்பே கடிதத்தில் கேட்டிருந்தான். இடத்தை அடைக்காது, ஒன்றாகவே இருக்கட்டும் என்று பதில் எழுதியது ஜெனீராதான்.

அந்தப் பெட்டியில் ரேடியோ பாடினால் டேப் ஓடாது. ரேடியோவோ விடிந்ததிலிருந்து பாடியது.

பாடவைத்தது ஸரூக்கின் தாய், மாமி ஸித்தி ஸுபைதா. வீட்டில் ஒரு கறிவேப்பிலைக் கன்றுகூட இல்லை. ஆனாலும் பயிர்ச்செய்கை நிகழ்ச்சியை ஒரு சொல் விடாமல் வைத்தார். தொழுகை நேரத்தில் மட்டும் நிறுத்துவார். தொழுகைப் பாய்க்குப் பக்கத்தில் புருஷன் குரலைப் போட ஜெனீராவுக்கு மனம் வருமா?

கெஸட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அவள் பெட்டியருகே போனால், மாமி ஓரக்கண்ணால் பார்ப்பார். சத்தத்தை இன்னும் கூட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவார். இவள் குமிழைத் திருகிச் சத்தம் குறைந்ததும் அங்கிருந்தே குரல் வரும்.

"அத நிப்பாட்டாதீங்க மகள். அது பாட்டுக்குப் பாடட்டும்."

புருஷன் பேசுவதைக் கேட்கவேண்டும் என்று மாமியிடம் எந்த வாயால் சொல்வது?

ஒருநாள் இரண்டு பெற்றரியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். மாமி கடைக்குப் போய் முழுச் செட்டும் புதிதாக வாங்கிவந்தார். சத்தம் முன்னைவிடக் கணீரென்றது.

அடுத்து, பெட்டி கரகரக்கிறது, பழுது போலிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். திருத்தக் கொண்டுபோகும் சாக்கில் எங்காவது ஒதுங்கிக் கேட்டுவிடலாம் என்பது அவள் கணக்கு. மாமியோ பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு கடைத்தெரு அலவியின் ரேடியோக் கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது சத்தம் இரட்டிப்பாகியிருந்தது. பாட்டுக் கேட்கப் பக்கத்து வீட்டுப் பெண்களும் வரத் தொடங்கினார்கள்.

கடைசியில் பல்வலி என்று பொய் சொல்லிவிட்டு ஜெனீரா அலவியின் கடைக்கே போனாள். கெஸட்டை நீட்டி, கொஞ்சம் போட்டுக் காட்டச் சொன்னாள். மெதுவாக என்று அவள் சொன்னது பஸ் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. கடை வாசலுக்கு மேலே தொங்கிய பெரிய ஸ்பீக்கர் தொண்டையைச் செருமியது.

"ஜெனீரா... தனியத்தானே இரிக்கீங்க? பக்கத்தில யாரும் இல்லயே?"

பூனாகலை பஸ்ஸுக்கு நின்ற வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வாழைப்பழக்காரர் தராசைக் கீழே வைத்தார். அலவி பதறிப்போய் டேப்பை அமர்த்தினார்.

ஜெனீரா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஓடிவிடத்தான் நினைத்தாள். அந்தக் குரல் இன்னும் காதுக்குள் நின்றது. அதே செருமல், சோற்றுக்கு உட்காரும்போது செருமும் அதே செருமல். வெட்கத்தைவிட அதுதான் கண்ணை நிறைத்தது.

"அலவி நானா, எங்கட டூ-இன்-ஒன்ன எடுத்துக்கிட்டு ரேடியோ வேற, டேப் வேறயா தர ஏலுமா?" என்றாள். "ரேடியோ ஓடுற நேரம் டேப் ஓடாதே."

அலவி தலையைச் சொறிந்தார்.

"அப்ப வீட்டுல தனியா ஒரு டேப் இல்லயா மகள்? 'ஜெனீரா கூச்சப்படுவா, என்ட கெஸட்ட அவ கேக்கிற நேரம் ஒரு சொல்லும் உங்கட காதுல விழப் படாது, ரேடியோவ நல்லாச் சத்தமா வைங்க' என்டு பெட்டி வாங்க முன்னமே மகன் எழுதி அனுப்பினாராம், அதுக்குத்தானே உங்கட மாமி என்னட்டப் பெரிய ஸ்பீக்கர் போட்டுக்கொண்டு போனாங்க!"