சாமித்தட்டுக்குக் கீழே ஒரு சர்வர்

இனி இந்த வீட்டில் எதுவும் தொலையாது என்று சபதம் போட்டேன். தொலையக் கூடாதது ஏற்கெனவே தொலைந்திருந்தது. எங்கள் மகள் தனுஷிகா, ஏழு வயதில், காய்ச்சலில் போய்விட்டாள். மிச்சம், அவள் தீபாவளிச் சட்டையில் ஆடுகிற ஒரு சின்ன வீடியோ. இரவல் கேமராவில் நான் எடுத்தது. அவள் குரல் இருப்பது அதில் மட்டும்தான்.

அது இரண்டாயிரத்து ஏழு. நான் ஹட்டனில் கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்கிறவன். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, கூட வேலை செய்யும் சுமனை அழைத்து வந்து, வீடியோவை அதில் ஏற்றி, சாமித்தட்டுக்குக் கீழே பிரதிஷ்டை செய்தேன்.

"இது என்னாங்க?" என்றாள் என் மனைவி சண்முகவடிவு.

"சர்வர்."

"அப்ப ஒரு பிளேன்டீ கொண்டாரச் சொல்லுங்க."

"வெளையாடாத வடிவு. உள்ளுக்கு ரெண்டு டிஸ்க் இருக்கு. ஒண்ணுல இருக்கது அப்படியே மத்ததுலயும் இருக்கும். ஒண்ணு செத்தாலும் புள்ள இருப்பா."

"ரெண்டும் ஒரே பொட்டியிலயா?"

"ஆமா."

"தோட்டத்து லயத்துல, ஒரே கூரைக்குக் கீழ பக்கத்துப் பக்கத்துக் காம்பரா மாதிரியா?"

"அப்படியே வச்சுக்கயேன்."

உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அதற்குப் பிறகு பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. நான் தினமும் வேலை விட்டு வந்து வீடியோவைப் பார்த்து அழுவேன். அவள் கூட வந்து உட்கார மாட்டாள். மாதம் ஒரு தடவை வட்டகொடையில் இருக்கும் தன் அக்கா பூரணி வீட்டுக்கு ரயிலேறிவிடுவாள். பெற்றவளுக்கு ஊர்வம்பு பெரிதாகிவிட்டதே என்று மனதுக்குள் கசந்தேன்.

சித்திரை மழையில் ஒரு சாயங்காலம் இடி இறங்கியது. பெட்டியிலிருந்து புகை. இரண்டு டிஸ்க்கும் ஒற்றுமையாகச் செத்துப்போயின. கண்டியில் ரிப்பேர் கடை வரை தூக்கிக்கொண்டு போனேன். காகிதம் பறக்காமல் மேலே வைக்க உதவும் என்றார்கள்.

வடிவிடம் சொன்னபோது விக்கி விக்கி அழுதேன்.

"புள்ள ரெண்டாவது தடவையும் போயிட்டா வடிவு."

அவள் திட்டவில்லை. சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். "கெளம்புங்க."

பூரணி வீட்டு டிவியில் ஒரு சீடி ஓடியது. தனுஷிகா ஆடினாள். நின்று திரும்பி, "அப்பா, எடுக்குறீங்களா?" என்று கேட்டாள்.

"சுமன் பொட்டி மாட்ட வந்தப்பவே இத ஒரு சீடியில போட்டு வாங்கிட்டேன்." வடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சின்ன வயசுல எங்க லயம் எரிஞ்சப்ப, பக்கத்துக் காம்பராவுல குடுத்து வச்சதெல்லாம் சேந்துதான் எரிஞ்சிச்சு. தூரத்துல, டயகமயில சித்தி வீட்டுல இருந்த எங்கப்பா போட்டோ மட்டுந்தான் தப்பிச்சிச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இதையும் கொண்டாந்து அந்தப் பொட்டிகிட்டதான் வச்சிருப்பீங்க. நான் மாசா மாசம் இங்க வந்து பாத்து அழுதுட்டுப் போயிருவேன். வீட்டுல ரெண்டு பேரும் ஒண்ணா அழுதா யாருங்க சோறாக்குறது?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். மறுபடியும். ரயிலுக்கு நேரமானது. சீடியை எடுக்கக் கை நீட்டினேன். வடிவு தட்டிவிட்டாள்.

"அது இங்கேயே கெடக்கட்டும். ஒங்ககிட்ட குடுத்தா பத்திரமா வச்சுருவீங்க."