எண்பதில் நின்ற தொட்டி

கண்ணையும் காதையும் விட்டுவிட்டு மீட்டரை நம்புவது படித்தவனுக்கு வரும் வியாதி. எனக்கு அது முற்றியிருந்த நாளில், சாணார்பட்டிப் பக்கம் ஒரு கிணற்றுக்குள் என் தாய்மாமன் தொங்கிக்கொண்டிருந்தார்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தேன். மாமா மகள் ராசாத்தியைக் கட்டிக்கொள்ள எனக்கு உயிர்போகிற ஆசை. மாமாவோ, கம்பி சுற்றுகிறவனுக்கா பெண் என்று இழுத்தடித்தார். அந்த வருஷம் கிணற்றை ஆழப்படுத்த, கயிற்றைச் சுற்றித் தொட்டியில் ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்க, கரண்டில் ஓடும் இழுவை உருளை ஒன்றை வரவழைத்திருந்தார். கொட்டகைக்குள்ளிருந்து மோட்டாரை ஓட்டுகிறவனுக்குக் கிணறு தெரியாது. மாயாண்டி என்பவர் கிணற்று விளிம்பில் நின்று துண்டை ஆட்டிச் சைகை காட்டுவார். (துண்டு! நான் இருக்கும்போது!)

அதை ஒழிக்க ஒரு கருவி செய்தேன். உருளை ஒரு சுற்று வந்தால் சுவிட்ச் ஒன்று தட்டுப்படும். மில்லில் கழித்துப் போட்ட மீட்டரில் ஓர் எண் கூடும். தொட்டி அடிமட்டம் போக நாற்பது, திரும்பி வர நாற்பது. எண்பது வந்தால் ஆள் கரையில். மாயாண்டியை வேப்பமரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டேன்.

முதல் ஆளாக மாமாவே தொட்டியில் ஏறினார். மோட்டாரை நானே ஓட்டி நாற்பதில் நிறுத்தினேன், சரியாக அடிமட்டம். கொட்டகை வாசலில் நின்ற ராசாத்தி பார்த்த பார்வையில் எனக்குப் பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது. ஊற்றைப் பார்த்ததும் மாமா குரல் கொடுக்க, மேலே இழுத்தேன். அறுபதில் மறுபடி குரல். வெற்றிலைப் பை நழுவிப் பாறை இடுக்கில் விழுந்துவிட்டதாம், செத்த கீழே விடச் சொன்னார். பத்துச் சுற்று இறக்கி, அவர் எடுத்ததும் மறுபடி இழுத்தேன். எண்பது வந்தது. பிரேக்கைப் போட்டுவிட்டு, பாராட்டை வாங்கிக்கொள்ளச் சட்டையைச் சரிசெய்தேன்.

வந்தது மாயாண்டி. மாமா பாதிக் கிணற்றில் தொங்குவதாகச் சொன்னார். இருக்காது, எண்பது ஆகிவிட்டது என்றேன். மாமா கத்துவது எனக்கு நன்றாகவே கேட்டது. அப்போதும் மீட்டரைத்தான் காட்டினேன். இதை எழுத இன்றும் கூசுகிறது.

ராசாத்தி உள்ளே வந்து எண்ணைப் பார்த்தாள். "ஏன் மச்சான், எறங்குனாலும் கூட்டுது, ஏறுனாலும் கூட்டுது. எந்தப் பக்கம் போகுதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அதற்கும் தெரியாது, அதைச் செய்தவனுக்கும் தெரியவில்லை. பதறிப்போய் மோட்டார் சுவிட்சைப் போட்டால், கரண்ட் போய்விட்டிருந்தது. ஏழெட்டுப் பேர் உருளையைக் கையால் சுற்ற, மாயாண்டி துண்டை ஆட்ட, முக்கால் மணி நேரம் கழித்து மாமா கரையேறினார். நேராக என்னிடம் வந்தார்.

"மீட்டரப் பாத்துச் சொல்லு அப்பு. நான் இப்ப மேல வந்துட்டேனா?"

கல்யாணப் பேச்சு ஒரு வருஷம் நின்றது. அதற்குள் முதல் சுவிட்சுக்குச் சற்றுத் தள்ளி இரண்டாவதாக ஒன்று வைத்தேன். எது முதலில் தட்டுப்படுகிறதோ அதை வைத்துத் திசை தெரிந்துவிடும்; தொட்டி இறங்கினால் மீட்டர் கூட்டும், ஏறினால் கழிக்கும். மாமா ஒரு மாதம் கல்லை மட்டும் ஏற்றி இறக்கிப் பார்த்தார். பிறகுதான் பெண்ணைக் கொடுத்தார்.

இன்றைக்கும் நான் தெர்மாமீட்டரைப் பார்த்துக் காய்ச்சல் இல்லை என்றால், ராசாத்தி தலையாட்டிவிட்டு, படுத்திருக்கிற ஆளிடம் போய்க் கேட்கிறாள்.