பாதிச் சவரம்

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலேர்மோ நகரத்துக் கோபம் முழுவதையும் ஒரே ஆள் குத்தகைக்கு எடுத்திருந்தார். போர்கோ வெக்கியோ பகுதியில் சலூன் வைத்திருந்த கிழவர். பார்சலோனாக்காரர் என்பதால், அங்கே பிழைக்கப் போயிருந்த தமிழர் நாங்கள் அவரை 'ஸ்பானியர்' என்போம். தான் கத்தலான்காரர் என்று அதற்கும் கோபப்படுவார்.

ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரியின் பெயரை அவர் சொல்லவே மாட்டார். 'அந்த ஆள்' என்பார். வாடிக்கையாளரோடு, பொது இடத்தில் தடைசெய்யப்பட்டிருந்த தன் தாய்மொழியான கத்தலானில் கதைத்ததற்காகப் பொலிஸ் அவரைக் கடைக்குள்ளேயே அறைந்து சிறைக்கு இழுத்துப் போனதாம்.

"ஜனநாயகம் எண்டு உலகத்துக்கே படிப்பிச்ச அமெரிக்கா, ரஷ்யாவுக்குப் பயந்து அந்த ஆளிட்டை இராணுவத் தளம் கேட்டு வந்தது! கட்டிப்பிடிச்சுப் படமும் எடுத்தது! நாங்கள் சிறையிலை கிடந்தம்!"

ஒருநாள் துறைமுகத்திலிருந்து ஓர் அமெரிக்க மாலுமி சவரத்துக்கு வந்தான். ஒரு கன்னம் முடிந்ததும் கத்தி நின்றது.

"ஏன் கட்டிப்பிடிச்சனீங்கள்?"

"ஐயா, நான் அப்ப பிறக்கவேயில்லை!"

"பிறந்த பிறகாவது விசாரிச்சிருக்கலாமே!"

மன்னிப்புக் கேட்ட பிறகுதான் மற்றக் கன்னம் வழிக்கப்பட்டது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பிறகொரு சனிக்கிழமை, நானும் மனைவி மேரியும் சலூன் வாங்கில் உட்கார்ந்து தமிழில் கதைத்துக்கொண்டிருந்தோம். சவர நாற்காலியில் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர்.

"இஞ்சை இத்தாலியம் மட்டும்தான் கதைக்கோணும்!" என்று எங்களைப் பார்த்து உறுமினார்.

ஸ்பானியர் கத்தியை மடித்தார். "எழும்பு! வெளியிலை போ!"

"இவை என்ரை வீட்டிலை இருக்கிற ஆக்கள்!"

"வீடு உன்ரை. நாக்கு அவையின்ரை!"

ஒரு கன்னத்தில் நுரையோடு அந்த மனிதர் தெருவில் நின்றார். அடுத்த கிழமை நாங்களும் தெருவில் நின்றோம். மேரி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே சலூனுக்குப் போனேன்.

"உங்கடை கோபத்தாலை எங்களுக்கு வீடில்லை!"

அவர் பின்னறையிலிருந்த தன் கட்டிலை இழுத்துவந்து கடையின் முன்பக்கம் போட்டார்.

"அறை உங்களுக்கு."

அங்கே குடியேறினோம். வாடிக்கையாளருக்கு இடைஞ்சலாகுமே என்று நாங்கள் குசுகுசுத்தால், கதவில் இடி விழும்.

"சத்தமாய்க் கதையுங்கோ! ஒளிச்சுக் கதைக்க இது அந்த ஆளின்ரை நாடில்லை!"

மகளை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று அவள் வீரிட்டு அழுதாள். கடையிலிருந்த எல்லாரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு, அந்தக் கோபக்காரர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.