மூண்டு வோட்டு அண்ணையும் என் செயலாளர் பதவியும்

இலங்கையின் தேர்தல் முறையை அடி முதல் நுனி வரை விளங்கிக்கொண்டவர் இந்தத் தீவிலேயே ஒரே ஒருவர்தான். அவர் சட்டத்தரணி அல்ல, தேர்தல் அதிகாரியும் அல்ல. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில், எங்கள் வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. அதை எட்டிப் பார்க்க வேண்டிய தேவை எங்களுக்கு வரவில்லை. ஊருக்கு அவர் மூண்டு வோட்டு அண்ணை.

பெயர் வந்த கதை இதுதான். அண்ணை மலைநாட்டில் பிறந்தவர். எழுபத்தேழாம் ஆண்டுத் தேர்தலின்போது அங்கே நுவரெலியா–மஸ்கெலியா என்றொரு தொகுதி இருந்தது. பெரும்பாலான தொகுதிகளுக்கு ஒரு எம்.பி. என்றால் அந்தத் தொகுதிக்கு மூன்று எம்.பி. ஆகவே ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வோட்டு. மூன்று பேருக்குப் பிரித்தும் போடலாம், ஒரே ஆளுக்குக் குவித்தும் போடலாம். தோட்டத்துச் சனம் மூன்றையும் ஒரே ஆளுக்குக் குவித்துத் தங்கள் ஆளை மூன்றாவது எம்.பி. ஆக்கி அனுப்பியது. தேர்தல் முடிந்த கையோடு கலவரம் வந்தது, அண்ணை குடும்பத்தோடு வன்னிக்கு வந்து சேர்ந்தார். பிறகு தேர்தல் முறை மாறியது. ஒரே ஒரு பொதுத்தேர்தலைக் கண்ட அந்தத் தொகுதியும் இல்லாமல் போனது. நாடு மறந்துவிட்ட அந்தத் தொகுதி எங்கள் மதகடியில் மட்டும் இன்றுவரை கலைக்கப்படாமல் இருக்கிறது.

அவருடைய கடையில் ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் மூன்று வோட்டின் மகிமையை மூன்று தரம் கேட்டுவிடலாம்.

"ஒரு ஓட்டுல என்னங்க சொல்ல முடியும்? வேணும், வேணாம், அவ்வளவுதானே? மூணு இருந்தா எம்புட்டு வேணும்னு சொல்லலாம்ல?"

சொல்வதோடு நின்றால் பரவாயில்லை. செயலிலும் இறங்கிவிடுவார். நாளைக்குக் கடலை வடையா, உழுந்து வடையா என்று தீர்மானிக்க வாடிக்கையாளர்கள் கையில் ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுப்பார். பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த கண்டக்டர் ஒருவர் மூன்றையும் உழுந்து வடைக்குக் குவித்துவிட்டுப் போய், அடுத்த நாள் வந்து ஆறு வடையை ஒரே மூச்சில் முடித்தார். "பாத்தீங்களா? உண்மையான ஆசை!" என்று அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில், தண்ணீர் வரிசைக்குப் பொறுப்பாளைத் தெரிவு செய்வதற்கும் ஆளுக்கு மூன்று வோட்டு வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றவர் அவர்.

மகளின் கல்யாணத்தையும் விட்டுவைக்கவில்லை. மூன்று இடத்திலிருந்து சம்பந்தம் வந்தது. தாய், தகப்பன், மகள் மூவருக்கும் மும்மூன்று கொட்டை. தாய் பார்வதி அக்கா இரண்டை வவுனியா மாப்பிள்ளைக்கும் ஒன்றை முள்ளியவளை மாப்பிள்ளைக்கும் போட்டார். அண்ணை மூன்று மாப்பிள்ளைமாருக்கும் ஒவ்வொன்று போட்டார். ஒருவர் மனமும் நோகக் கூடாதாம். மாப்பிள்ளைமார் ஒருவர்கூட அங்கே இல்லை. மகள் மூன்றையும் கிளிநொச்சியில் மோட்டார் திருத்துகிற பையனுக்குக் குவித்து, தாய் தகப்பன் இருவரையும் தோற்கடித்தாள். அவள் அப்பனிடம் பாடம் படித்த பிள்ளை.

இதுவரைக்கும் எனக்கு எல்லாம் பகிடியாகத்தான் இருந்தது. அண்ணை ஊர் விவசாயிகளின் சங்கமான எங்கள் கமக்கார அமைப்புக்குள் கையை வைத்தபோதுதான் எனக்குச் சுட்டது. நான் அதன் செயலாளர்.

எங்கள் குளத்துத் தண்ணீர் ஒரே வாய்க்காலில் வருகிறது. மேலே எங்கள் நாற்பது பேரின் வயல். வாய்க்கால் கடைசியில் மலைநாட்டிலிருந்து வந்த பன்னிரண்டு வீட்டாரின் வயல். அண்ணையின் வீடும் அதில் ஒன்று. மழையில்லாத சிறுபோகத்தில் தண்ணீர் எங்களிடம் வரும்போது ஓடும், அவர்களிடம் போகும்போது தவழும். சில வருடம் தவழவும் செய்யாது. தண்ணீர் முறையைத் தீர்மானிப்பது மூன்று பேர் கொண்ட நிர்வாகம். கை உயர்த்தித்தான் தெரிவு. நாற்பது கைக்கு முன்னால் பன்னிரண்டு கை என்ன செய்யும்? மூன்று கதிரையும் எப்போதும் எங்களுக்குத்தான். அதில் ஒரு கதிரையில் நான் பதினொரு வருடம் அசையாமல் இருந்தேன்.

ஆனால் கை உயர்த்துவதில் எங்களுக்கும் ஒரு தலையிடி இருந்தது. யார் யாருக்குக் கை உயர்த்தவில்லை என்பதை ஊரே பார்க்கும். மச்சானுக்கு மச்சான் கை உயர்த்தாமல் விட்டு, ஒரு கூட்டம் கதிரை எறிதலில் முடிந்தது. நெற்றியில் கட்டுப் போட்டிருந்த தலைவர் பெரியதம்பியரிடம் அண்ணை போய் நின்றார்.

"தகரப் பேணி வைப்போம்ங்க. போட்டிக்கு நிக்கிற ஆளுக்கு ஒரு பேணி. படங்கத் திரையாக் கட்டி, அதுக்குப் பின்னால போயி அவங்கவங்க கொட்டையப் போடட்டும். யாரு போட்டது, எதுல போட்டது, ஒருத்தருக்கும் தெரியாது. மூணு கதிரை, ஆளுக்கு மூணு கொட்டை."

பெரியதம்பியர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "ஓம், இது நல்ல கதை" என்றார்.

எனக்குத்தான் அது நல்ல கதையாகப் படவில்லை. பன்னிரண்டு வீட்டாரும் மூன்றையும் ஒரே பேணியில் குவித்தால் என் கதிரைதான் முதலில் ஆடும். "என்ன விசர்க் கதையண்ணை இது?" என்று பாய்ந்தேன். எடுபடவில்லை.

ஆனால் அந்த வருடம் நடந்தது வேறு. கொட்டை எண்ணி முடிந்தபோது, பன்னிரண்டு வீட்டார் சார்பில் போட்டிக்கு நின்ற அண்ணையின் பேணியில் பதினொரு கொட்டை கிடந்தது. பெரியதம்பியருக்கும் எனக்கும் பேணி நிரம்பி வழிந்தது. வென்ற நானே திகைத்துப்போனேன். பன்னிரண்டு வீட்டாரும் ஒன்றைப் பெரியதம்பியருக்கும் ஒன்றை எனக்கும் போட்டுவிட்டு, மிச்சம் ஒன்றைத்தான் தங்கள் ஆளுக்குப் போட்டிருக்கிறார்கள்.

"செயலாளர் ஐயா நம்ம வீட்டுச் சாவுக்கு வந்து பந்தல் போட்டாருங்க. ஒன்னு போடாம இருக்க முடியுங்களா?" என்றார் ஒருவர்.

பன்னிரண்டு வீட்டுக்குப் பன்னிரண்டு கொட்டை வந்திருக்க வேண்டுமே? அண்ணையிடமே கேட்டேன்.

"அண்ணை, உங்கட பேணிக்கு நீங்கள் எத்தினை போட்டனீங்கள்?"

"தனக்குத் தானே போட்டுக்கறது நல்லாவாங்க இருக்கு?"

ஊருக்கெல்லாம் குவிக்கச் சொல்லிக் கொடுத்த மனிதர் தன் மூன்றையும் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று எங்கள் மூவருக்கும் ஒவ்வொன்றாகப் பங்கு போட்டிருந்தார்.

அந்தச் சிறுபோகத்தில் கடைசி வயல்கள் கதிர் பறியும் முன்னே காய்ந்தன. நான் மதகடியால் சைக்கிளில் போகும்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போனேன்.

அடுத்த தெரிவு கிட்டியபோது, அவரைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்கலாமென்று கடையில் போய் இருந்தேன். "அண்ணை, எழுபத்தேழில நீங்கள் மூண்டையும் ஒராளுக்கோ குவிச்சனீங்கள்? இல்லாட்டி அங்கயும் பங்கு வைச்சனீங்களோ?"

அடுப்படியிலிருந்து பார்வதி அக்கா சிரித்தார். "இவரா? இவருக்கு எங்கங்க ஓட்டு? ஓட்டுச்சாவடி வேலிக்கு வெளியில நின்னாரு."

எனக்கு விளங்கவில்லை. அண்ணை கிளாசைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"எங்க குடும்பத்துல எட்டுப் பேருங்க. ஒருத்தருக்கும் பிரஜாவுரிமை இல்ல. பக்கத்து லயத்துக் காம்பராக்காரருக்கு இருந்துச்சு. அவரு போட்டுட்டு வந்து எங்கம்மாகிட்ட, 'ஆத்தா, ரெண்டு எனக்கு, ஒன்னு ஒனக்காகப் போட்டேன்'னாரு. அம்மா சாகற வரைக்கும் தானும் ஓட்டுப் போட்டதாத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிச்சு."

"அப்ப இந்த மூண்டு வோட்டுக் கதை முழுக்க…?"

"இங்க வந்து எத்தனையோ வருஷத்துக்கு அப்புறந்தாங்க எனக்கு ஓட்டு வந்துச்சு. அதுக்குள்ள அந்தத் தொகுதியும் போயிருச்சு." கிளாசைக் கவிழ்த்து வைத்தார். "ஓட்டு இல்லாதவனுக்குத்தாங்க அத எப்படிப் போடறதுன்னு நல்லாத் தெரியும். வேலிக்கு வெளியில நின்னு பாக்கறதத் தவிர வேற வேலையில்லையே."

அன்றைக்குத் தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பினேன். வெட்கமாக இருந்தது. பதினொரு வருடம் கதிரையில் இருந்தவனுக்கு அது கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

தெரிவு நாளன்று பார்வதி அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி கணவருக்குக் கட்டளை போட்டார். "இந்தத் தடவை ஒங்க பேணிக்கே போடலைன்னா வீட்டுப் பக்கம் வந்துறாதீங்க!" மற்றப் பதினொரு வீட்டாருக்கும் அதே எச்சரிக்கை. அண்ணை விரல் விட்டு எண்ணிவிட்டு என் காதில் சொன்னார். "எல்லாரும் குவிச்சாலும் முப்பத்தாறுதாங்க. ஜெயிக்க ஒன்னு ரெண்டு கொறையும்போல." போட்டியாளனிடம் கணக்கை ஒப்புவிக்கிற வேட்பாளரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

படங்குக்குப் பின்னால் நான்கு பேணி இருந்தது. நான் என் மூன்று கொட்டையோடு கொஞ்ச நேரம் நின்றேன்.

எண்ணினார்கள். அண்ணைக்கு முப்பத்தொன்பது. எனக்கு முப்பத்தேழு. நான்காவதாக வந்து, பதினொரு வருடக் கதிரையை விட்டு எழும்பினேன்.

அண்ணை வென்ற மனிதர் மாதிரியே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, நீங்க தோத்துட்டீங்களேய்யா. நான் வேணா வெலகிக்கிறேன்" என்று அழாக்குறையாக நின்றார். "பேசாமல் போய்க் கதிரையில இருங்கோ அண்ணை" என்று தள்ளிவிட்டேன். அந்தச் சிறுபோகம் தண்ணீர் முறை கடைசி வயலிலிருந்து தொடங்கியது. என் வயலுக்குத் தண்ணீர் இரண்டு நாள் பிந்தி வந்தது. நெல்லுக்கு ஒரு குறையும் வரவில்லை.

அண்ணைக்கு இப்போது வேறொரு கவலை. "பன்னெண்டு வீடு, முப்பத்தாறு. மிச்சம் மூணு எங்கேர்ந்துங்க வந்துச்சு?" என்று வருவோர் போவோரையெல்லாம் விசாரிக்கிறார். பெரியதம்பியர்தான் என்று ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகத்தின் பேரில் பெரியதம்பியருக்குத் தினமும் ஓர் உழுந்து வடை இலவசம். அவரும் மீசையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். பக்கத்து மரவாங்கில் இருந்து காசு கொடுத்துச் சாப்பிடுகிறவன் நான்.

சொல்லிவிடலாம்தான். ஆனால் இரகசிய வாக்கென்றால் இரகசியம்தானே, அதையும் அவர்தான் சொல்லித் தந்தார். அன்றைக்கு என் கையில் மூன்று கொட்டைதான் இருந்தது. நாலாவது ஒன்று இருந்திருந்தால், அதையும் அந்த மனிதரின் பேணிக்குள்தான் போட்டிருப்பேன்.