காட்டேரி சாரும் ஒரு பை ரத்தமும்

வேலூருக்கு வந்து கோட்டையைப் பார்க்காமல் திரும்பியவர்கள் உண்டு. காட்டேரி சார் கண்ணில் படாமல் திரும்பியவர் ஒருவர்கூட இல்லை. எங்கள் மருத்துவக் கல்லூரி ரத்த வங்கியில் அவருக்கு வேலை. ரத்தம் கொடுக்க ஆள் பிடிப்பார். பிடித்த ஆள் பயந்து எழுந்து ஓடாமல் இருக்கப் பேச்சுக் கொடுப்பார். மாணவர்கள் வைத்த பட்டப்பெயரில் அவருக்கு வருத்தமே இல்லை. "வேலைக்கு ஏத்த பேருதானப்பா" என்பார்.

நான் பக்கத்து அறையில் குமாஸ்தா. ஒருமுறை ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குச் சேர்ந்து போனோம். எல்லோரும் பிரியாணியைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் பரிமாறுகிறவரின் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நரம்பு ஜோரா இருக்குது பாய், இன்னா குரூப்பு?" அந்த மனிதர் அப்புறம் எங்கள் பக்கமே வரவில்லை. எனக்கு வர வேண்டிய இரண்டாவது கரண்டியும் போயிற்று. சத்துவாச்சாரி பஸ்ஸில் அவர் ஏறினால் பக்கத்து சீட் தானாகக் காலியாகும். கண்டக்டரே ஒருநாள் கெஞ்சினார்: "நீங்க ஆட்டோல போங்க சார். எனக்கு கலெக்ஷன் கம்மியாவுது."

ரத்தம் கொடுக்கப் படுத்தவர் கையில் ஊசி ஏறியதும், சார் வாயில் கல்லூரியின் வரலாறு ஆரம்பமாகும். மாட்டு வண்டியில் மருந்துப் பெட்டியோடு கிராமம் கிராமமாகப் போன காலம், பெண்கள் மட்டுமே படித்த காலம், ஆண்களையும் சேர்த்துக்கொண்ட காலம், படித்து முடித்தவர்கள் டாக்டரே இல்லாத ஊர்களுக்கு வேலைக்குப் போனது, வங்காளத்திலிருந்து ரயில் ரயிலாக நோயாளிகள் வரும் இன்றைய காலம். பை நிறைந்ததும் சட்டென்று நிறுத்திவிடுவார். ரத்தம் வேகமாக வரும் பயில்வான்களுக்கு மாட்டு வண்டியோடு சரி. எனக்கு மெதுவாகத்தான் வரும். ஆனாலும் கதை ஆண்களைச் சேர்த்துக்கொண்டதைத் தாண்டியதில்லை. மீதியைக் கேட்டால், "அடுத்த வாட்டி வந்து படு, சொல்றேன்" என்பார். கதை கேட்கவே திரும்பி வந்தவர்கள் உண்டு.

என் தங்கைக்குப் பிரசவம் ஆனது ரம்ஜான் மாதத்தில். குழந்தை நன்றாகப் பிறந்தது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுடையது ஓ நெகட்டிவ். கையிருப்பில் இருந்ததையெல்லாம் ஏற்றியாயிற்று, இன்னும் வேண்டும் என்றார்கள். என்னுடையது வேறு குரூப். காட்டேரி சார் ஃபோனை எடுத்தார். அதே குரூப்பில் பலமுறை ரத்தம் கொடுத்திருந்த ஆம்பூர் தோல் தொழிற்சாலை சூப்பர்வைசர் பாஷா பாய், வேலை ஷூவைக்கூட மாற்றாமல் கார் பிடித்து வந்து இறங்கினார்.

வந்தவர் நோன்பில் இருந்தார். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க மாட்டார்கள். நோன்பு திறக்க இன்னும் வெகுநேரம் இருந்தது. காட்டேரி சார், வாழ்க்கையில் முதல்முறையாக, கேட்கத் தயங்கி நின்றார்.

பாஷா பாயே பேசினார். "துன்றதுக்கு எதுனா குடுங்க சார். நோன்பைப் பின்னாடி வச்சுக்கலாம். உசுரைப் பின்னாடி வைக்க முடியுமா?"

காட்டேரி சார் கேன்டீனுக்கு ஓடி இட்லி வாங்கி வந்தார். "மெல்லுங்க பாய், நல்லா மெல்லுங்க" என்று பக்கத்திலேயே நின்றார். சற்று நேரம் கழித்து ஊசி ஏறியது.

"இன்னா சார், மாட்டு வண்டி இன்னும் கிளம்பல?" என்றார் பாஷா பாய்.

"இன்னிக்கு வாய் வர்ல பாய்."

சாயங்காலம், தங்கை பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் வந்து சொன்னார். நான் நன்றி சொல்லத் தேடிப் போனபோது, காட்டேரி சார் வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். சேதியைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உன் தங்கச்சி பேரு இன்னாப்பா?"

"ஸ்டெல்லா சார்."

"மத்தியானத்துலேர்ந்து பேரு தெரியாமலே ஜெபம் பண்ணினு இருக்கேன்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விட மனமே வரவில்லை.