தாடைக்குப் பதினைந்து நாள் லீவு

பதினைந்து நாளைக்கு வீட்டில் வாயையே திறப்பதில்லை. இந்த மகத்தான முடிவை நான் எடுத்தது பல் டாக்டரின் மாடிப்படியில். மேலிருந்து மூன்றாவது படியில் யோசனை வந்தது. கீழே இறங்கி முடிப்பதற்குள் திட்டம் முழுசாகத் தயார். இவ்வளவு வேகமாக என் மூளை அதற்கு முன் வேலை செய்ததே இல்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

காதிலிருந்து ஆரம்பிக்கிறேன். வலியும் அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு மாதமாக இடது காதில் குத்தல். கொட்டாவி விட்டால் காதோரம் 'டக்' என்று ஒரு சத்தம், யாரோ தாழ்ப்பாள் போடுகிற மாதிரி. எனக்கு வேலை குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில். ஊரில் எந்தக் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் என்னை போனில் திட்டுவார்கள். வீட்டுக்குப் போனால் நேரில் திட்டுவார்கள். காது வலிக்காமல் என்ன செய்யும்?

மனைவிதான் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"காது சுத்தமா இருக்கு. ஒரு கோளாறும் இல்லை."

"அப்ப இவருக்கு நல்லா கேக்குமா டாக்டர்?" என்றாள் மனைவி.

"நல்லா கேக்கும்."

"அப்ப நான் சொல்றது மட்டும் ஏன் கேக்க மாட்டேங்குது?"

"அது என் டிபார்ட்மெண்ட் இல்லம்மா."

காதுக்கு முன்னால் ஒரு விரலை வைத்து அழுத்தி, வாயைத் திறந்து மூடச் சொன்னார். மூடுவதற்குள் அலறிவிட்டேன்.

"பாத்தீங்களா? வலி காதுல இல்லை, தாடை மூட்டுல. பக்கத்து வீட்டுச் சண்டை இங்க கேக்குது, அவ்வளவுதான். பல் டாக்டரைப் பாருங்க."

பல் டாக்டரிடம் தனியாகத்தான் போனேன். அந்தம்மா என் பற்களை வரிசையாகத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தேய்ஞ்சிருக்கு. தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க."

கல்யாணமான நாளிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டுதான் குடும்பம் நடத்துகிறேன். அதை ஒரு டாக்டர் வாயால் கேட்டபோது கண் கலங்கிவிட்டது.

தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு பிளேட் தருவதாகச் சொன்னார். வெந்நீர்த் துணியால் ஒத்தடம். கடினமானதைக் கடிக்கக் கூடாது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசக் கூடாது.

"சும்மா பேசலாமா டாக்டர்?"

"தாராளமா பேசுங்க. கத்தாதீங்க."

"எங்க வீட்டுல கத்துறது நான் இல்லை."

இந்தத் 'தாராளமா'வைத்தான் நான் படியிறங்கும்போது தொலைத்துவிட்டேன். காரணம் என் மச்சினன்.

மச்சினனுக்கு எங்கள் ஊருக்கு மாற்றல் ஆகியிருந்தது. அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். பையன் தங்கமானவன். ஆனால் ட்ரம்பெட் கற்றுக்கொள்கிறான். இரண்டு வருஷமாகக் கற்றுக்கொள்கிறான். அந்த ட்ரம்பெட்டுக்கு அவன் மேல் என்ன கோபமோ, இன்னும் பிடி கொடுக்கவில்லை.

"தம்பி மூணு மாசம் நம்ம வீட்டுல இருக்கட்டுமா?" என்று நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் மனைவி. "பார்க்கலாம்" என்று நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் அந்த வார்த்தை செல்லாது. முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. சரி என்று சொல்லக் காது கிடையாது. பேசவே முடியாதவனிடம் யார் கேட்பார்கள்? பதினைந்து நாள் முடிவதற்குள் மச்சினன் வேறு அறை பார்த்துக்கொண்டு போய்விடுவான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகளுடைய பழைய சிலேட்டைத் தேடி எடுத்தேன்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

எழுதினேன்: '15 நாள் பேசக் கூடாது.'

"ஒரு வார்த்தை கூடவா?"

'ஒரு எழுத்து கூட.'

"அப்ப ஆபீஸ்ல என்ன பண்ணுவீங்க?"

இதை நான் யோசிக்கவில்லை. 'ஃபைல் வேலை மட்டும்' என்று எழுதினேன்.

டாக்டர் கொடுத்த சீட்டை வாங்கி முன்னும் பின்னும் படித்தாள். "ஐயோ பாவம்" என்றாள். அவ்வளவு பாசமாக அவள் குரலைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. எனக்கே என் மேல் இரக்கம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து என் தட்டில் எல்லாமே கூழ். காலையில் வெள்ளைக் கூழ், மதியம் மஞ்சள் கூழ். எதிரே உட்கார்ந்து மனைவியும் மகளும் உருளைக்கிழங்கு வறுவலை மொறுமொறுவென்று மென்றார்கள். ஒவ்வொரு மொறுவும் நேராக என் இடது காதில் வந்து இறங்கியது.

'எனக்கு ஒண்ணு?' என்று எழுதிக் காட்டினேன்.

"வேண்டாம்ப்பா, டாக்டர் திட்டுவாங்க" என்று மகள் கடைசித் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை காலை ஒத்தடம் கொடுத்துக்கொண்டே மனைவி கேட்டாள். "தம்பி விஷயம் என்னங்க ஆச்சு?"

சிலேட்டில் பெரிதாக எழுதினேன்: 'முடியாது.'

"வலி தாங்க முடியாதா? சரி, சரி. அலட்டிக்காதீங்க."

அழித்துவிட்டு எழுதினேன்: 'வேண்டாம்!'

"ஒத்தடம் வேண்டாமா? முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை மச்சினனையே போனில் பிடித்துவிட்டாள். ஸ்பீக்கரைப் போட்டு என் முன்னால் வைத்தாள்.

"அத்தான், அக்கா வான்னு சொல்றா. ஆனா உங்களுக்குத் தொந்தரவா இருக்கும்னா நான் வரலை. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். வேற இடம் பாத்துக்கறேன்."

ஒரு வார்த்தை! நாலு எழுத்து! நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் சிலேட்டைத் தூக்கி போனுக்கு நேராகக் காட்டினேன். போன் அதைப் படிக்கவில்லை.

"ம்ம்ம்! ம்ம்ம்ம்!" என்று தலையை இடமும் வலமுமாக ஆட்டினேன்.

"கேட்டியாடா?" என்றாள் மனைவி. "ம்-னு சொல்லிட்டார். அதுவும் ரெண்டு தடவை. அந்த வலியிலயும்!"

"ரொம்ப நன்றி அத்தான்!" என்றான் மச்சினன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்து இறங்கினான். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் அது. அதற்கு வெல்வெட் உறை வேறு. என் அறையை அவனுக்குக் கொடுத்தார்கள். என் கட்டில் ஹாலுக்கு வந்தது. ஹாலில் படுத்தால் எனக்கு நல்ல காற்று வருமாம்.

அன்று சாயங்காலம் முதல் கச்சேரி. பழைய லாரி ஒன்று மேட்டில் ஏற முடியாமல் அழுவது போல ஒரு சத்தம் எழுந்து, வீட்டை மூன்று முறை சுற்றி வந்து, என் இடது காதில் நுழைந்தது. தாடை தானாக இறுகியது. 'டக்'.

மச்சினன் வெளியே வந்து பணிவாகக் கேட்டான். "அத்தான், சத்தம் அதிகமா இருந்தா சொல்லிடுங்க. உடனே நிறுத்திடறேன்."

நான் அவனைப் பார்த்தேன். அடுப்படி வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தேன். சிலேட்டைத் தேடினேன். அதில் அவள் மளிகைச் சாமான் எழுதி வைத்திருந்தாள்.

"அத்தானுக்குப் பிடிச்சிருக்கு போல" என்று மச்சினன் உள்ளே போய் இன்னொன்று வாசித்தான்.

தினமும் இதே கேள்வி, இதே மரியாதை. வாசித்து முடித்ததும் வந்து கேட்பான். நான் பேச மாட்டேன். அவன் மறுபடி வாசிப்பான். உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இருந்தது. எனக்கு மட்டும்தான் வாய் இல்லை. இரவில் மாட்டிக்கொண்ட பிளேட்டில் என் பற்கள் ஒவ்வொன்றும் கையெழுத்துப் போட்டிருந்தன. இன்னும் நாலே நாள், நாலே நாள் என்று எண்ணிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். அங்கே மட்டும்தான் ஆசை தீரப் பேசினேன். திட்டுகிற ஜனங்களிடம் கூட அன்பாகப் பேசினேன்.

பதினோராம் நாள் மதியம் மேஜை மேல் போன் அடித்தது.

"வணக்கம், குடிநீர்ப் புகார்ப் பிரிவு. சொல்லுங்க" என்றேன், கணீரென்று.

"சார், எங்க வீட்டுல ஒரு குழாய். பதினோரு நாளா ஒரு சொட்டு வரலை." ஏதோ துணியால் வாயை மூடிக்கொண்டு பேசுகிற பெண் குரல்.

"தெருவுக்கே வரலையாம்மா, உங்க வீட்டுக்கு மட்டும்தானா?"

"தெருவுல நல்லா வருது சார். ஆபீஸ்ல கொட்டோ கொட்டுனு கொட்டுது. வீட்டுக்குள்ள வந்தாத்தான் அடைச்சுக்குது."

பேனா என் கையிலிருந்து விழுந்தது.

"நீயா?"

"நானேதான்." துணியை எடுத்துவிட்டாள். "குரல் நல்லாத்தான் இருக்கு."

"எப்ப... எப்ப தெரியும் உனக்கு?"

"நீங்க சிலேட்டைத் தேடி எடுத்தீங்களே, அன்னிக்கே. பேசாம இருக்கறவருக்கு என்ன சமைக்கறதுன்னு கேக்கலாம்னு சீட்டுல இருந்த நம்பருக்கு போன் போட்டேன். தாராளமா பேசலாமேன்னு அந்தம்மா சிரிச்சாங்க. வறுத்தது கூட மெதுவா மென்னு சாப்பிடலாமாம்."

"பதினோரு நாளா கூழைக் குடிச்சேனேடி! ஹால்ல படுத்துக்கிட்டு அந்தச் சத்தத்தை... தெரிஞ்சும் ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீங்கதான் வாயைத் திறந்து எதுவும் கேக்கவே இல்லையே!"